"யோசிச்சு சொல்றோம்"

நீங்கள் விற்கும் வீட்டை இரண்டாவது முறை பார்க்க வந்தவர் இன்றும் குளியலறைச் சுவரோரம்தான் நின்றார். ஈரக்கறையை விரலால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "யோசிச்சு சொல்றோம்" என்று கிளம்பிவிட்டார்.

உடனே விலையைக் குறைக்காதீர்கள். வீட்டில் வேறு ஏதோ கோளாறு இருக்கிறது என்றுதான் அவருக்குத் தோன்றும்.

"எது இடிக்குது? விலையா, லோனா, பத்திரமா?" என்று நேராகவே கேளுங்கள்.

கறைதான் காரணமென்றால் மேலே பெயின்ட் அடித்து மறைக்கவே மறைக்காதீர்கள். உப்புப் பூத்து உரிந்துவிடும், நம்பிக்கையும் கூடவே போய்விடும். கசிவு குழாயிலா, டைல்ஸ் இடுக்கிலா என்று பிளம்பரை வைத்துப் பார்த்து அடைத்து, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகே பூசுங்கள். பில்லைக் காட்டுங்கள்.

பத்திர நகலைக் கேட்குமுன்பே கொடுத்துவிடுங்கள், வக்கீலிடம் காட்டட்டும். பதில் சொல்ல ஒரு தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரை மற்றவர்களுக்கும் வீட்டைக் காட்டுவேன் என்பதை அவரிடமே சொல்லிவிடுங்கள்.