கல்முனைக்குத் திரும்பாத பதில்

மட்டக்களப்பில் உள்ள எங்கள் தலைமை அலுவலகத்தையும் கல்முனைக் கிளையையும் வீபீஎன் (இணையத்தின் ஊடாக இரு இடங்களின் வலையமைப்புகளைத் தனிப்பட்ட முறையில் இணைக்கும் வழி) மூலம் இணைக்கும் வேலை அரை நாளில் முடிந்தது. கிளையிலிருந்து கணக்குச் சேர்வரைத் திறப்பதற்குத்தான் மேலும் மூன்று நாட்களும் ஒரு வீண் பயணமும் தேவைப்பட்டன.

கல்முனையிலிருந்து சேர்வரைப் பிங் செய்தால், அதாவது பதில் கேட்டுச் சிறு சோதனைச் செய்தி அனுப்பினால், பதில் இல்லை. பிழை கிளையில்தான் என்று முடிவுகட்டி, காலை பஸ்ஸில் கல்லடிப் பாலம் கடந்து அங்கே போய், எந்த முகவரிக்குரியதை எந்த வழியே அனுப்புவது என்று கிளை ரவுட்டர் வைத்திருக்கும் வழி அட்டவணையை வரி வரியாகப் பார்த்தேன். தலைமை அலுவலகத்தின் 192.168.10.0 வலையமைப்புக்கு வீபீஎன் வழியே போகச் சொல்லும் வரி ஒழுங்காகவே இருந்தது. இருந்தும் அதை அழித்து மீண்டும் எழுதினேன். வழியில் உள்ள ரவுட்டர்களை ஒவ்வொரு படியாகக் காட்டும் ட்ரேஸ்ரூட் கட்டளையைக் கொடுத்தபோது, இரண்டாவது படியில் மட்டக்களப்பு வீபீஎன் ரவுட்டர் பதில் தந்தது. அதன்பின் வெறும் நட்சத்திரக் குறிகள், அதாவது பதில் இல்லை. நான் அனுப்பிய தரவுப் பொதி மட்டக்களப்பு வரை போய்விட்டதை அந்த வரியே சொல்லியும், பின்னேரம் வரை நான் கிளையையே குடைந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் சேர்வரிலிருந்து கல்முனையை நோக்கி ட்ரேஸ்ரூட் கொடுத்தேன். முதல் வரியே 192.168.10.1, அதாவது இன்டர்நெட் ரவுட்டர். வீபீஎன் ரவுட்டரோ 192.168.10.2. கிளையின் 192.168.20.0 வலையமைப்புக்குச் சேர்வரின் அட்டவணையில் வரியே இல்லாததால், வேறெதிலும் பொருந்தாத முகவரிகளுக்கெல்லாம் உரிய 0.0.0.0 வரியைப் பிடித்துப் பதில் இன்டர்நெட் பக்கம் போயிருக்கிறது. 192.168 என்று தொடங்கும் தனிப்பட்ட முகவரிகளுக்குப் பொது இணையத்தில் வழி கிடையாது, போனது போனதுதான். வந்த வழியே பதில் திரும்பும் என்று நம்பியிருந்தேன். உண்மையில் பதிலுக்கு வழி புதிதாகத்தான் தேடப்படுகிறது.

இன்டர்நெட் ரவுட்டரில் ஒரு வரி சேர்த்தால் அலுவலகம் முழுவதற்கும் போதும். ஆனால் அதன் கடவுச்சொல் சேவை வழங்குநரிடம் இருந்தது. "லைட் பச்சையாத்தானே எரியுது, பிறகென்ன?" என்று கேட்ட அந்த நிறுவன அலுவலர், கடைசியில் கடிதத் தலைப்பில் கோரிக்கை அனுப்பச் சொன்னார். நான் காத்திராமல், 192.168.20.0, மாஸ்க் 255.255.255.0, அடுத்த படி 192.168.10.2 என்று சேர்வரிலேயே ரவுட் அட் கட்டளை கொடுத்தேன். "வந்திட்டு அண்ணே!" என்றார் கிளையில் இருந்த தம்பி. முகவரியின் கூடுதல் பிட்டுகள் (இரும இலக்கங்கள்) பொருந்தும் வரிக்கே முன்னுரிமை என்பதால், அந்த மாஸ்க்கின்படி முதல் 24 பிட்டுகளும் பொருந்த வேண்டிய இந்த வரி கல்முனைக்குரியதை மட்டும் எடுத்துக்கொண்டது. இணையம் பழையபடியே ஓடியது.

அன்றிரவு மின்சாரம் நின்றது. காலையில் அந்த வரியைக் காணவில்லை. விண்டோஸில் வெறுமனே சேர்த்த வழி, கணினி மீண்டும் தொடங்கும்போது அழிந்துவிடும். கட்டளையில் சிறுகோட்டுடன் 'பீ' என்ற ஆங்கில எழுத்தையும் சேர்க்க வேண்டும். ரவுட் பிரிண்ட் கொடுத்தால் நிலைத்திருக்கும் வழிகள் தனிப் பகுதியாகத் தெரியும்; அங்கே உங்கள் வரி இருக்கிறதா என்று பார்க்காமல் வீட்டுக்குப் போகாதீர்கள்.

கடவுச்சொல் இன்னும் வரவில்லை. தலைமை அலுவலகப் பிரிண்டரில் வழி சேர்க்க இடமே இல்லாததால், அதன் கேட்வேயை, அதாவது வெளி வலையமைப்புகளுக்குரியதை அது ஒப்படைக்கும் ரவுட்டரை, 192.168.10.2 என்று மாற்றிவிட்டேன். கல்முனையிலிருந்து இப்போது அச்சும் எடுக்க முடிகிறது.