ஒரு கேள்விதான் கேட்டேன்

"உங்க பானை மேல உங்களுக்கு நம்பிக்கை இல்லையாக்கா?"

நான் கேட்டது இவ்வளவுதான். இதில் பொய் இல்லை, அறிவுரை இல்லை. பணத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இதை இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதில்தான் ஏதோ இடிக்கிறது. வெறும் கேள்வி என்றால் அன்றைக்கு ராத்திரியே மறந்திருப்பேன்.

'டீல் ஆர் நோ டீல்' என்ற டிவி ஆட்டம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். நெதர்லாந்தில் தொடங்கி, பெட்டியும் வங்கியாளருமாக உலகம் முழுக்கச் சுற்றியது. அமெரிக்காவில் 26 பெட்டி, இங்கிலாந்தில் 22. தமிழிலும் வந்தது. நாங்கள் செய்தது அதன் ஏழைச் சொந்தக்காரன். பெட்டி வைத்தால் கேஸ் போடுவார்கள் என்று யாரோ பயமுறுத்தியதால் மண்பானை வைத்தோம். மொத்தம் 12 பானை, உள்ளே ஒரு ரூபாயிலிருந்து இரண்டு லட்சம் வரை எழுதிய சீட்டுகள். ஒரு பானையைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு, மற்றதை ஒவ்வொன்றாகத் தடியால் உடைக்க வேண்டும். நடுநடுவே 'முதலாளி' போன் செய்து ஒரு தொகை சொல்வார். வாங்கிக்கொண்டு போகலாம், இல்லாவிட்டால் தொடர்ந்து ஆடலாம். முதலாளி என்பது பிசிஆரில், அதாவது கட்டுப்பாட்டு அறையில், கால்குலேட்டரோடு உட்கார்ந்திருந்த எங்கள் புரொட்யூசர். ஒரு நாளைக்கு நான்கு எபிசோடு எடுப்போம். மாலையில் ஃப்ளோர் முழுக்க ஓடு கிடக்கும். கேமராமேன்கள் தும்மிக்கொண்டே இருப்பார்கள்.

என் வேலை போட்டியாளர்களைத் தேர்ந்தெடுப்பது, படப்பிடிப்பு முடிகிற வரை அவர்கள் பக்கத்திலேயே இருப்பது.

இந்த ஆட்டத்துக்கு எதுவும் தெரிந்திருக்க வேண்டாம். அதுதான் அதன் பெருமையே. 2000-இல் இந்தியில் அமிதாப் பச்சன் கேள்வி கேட்க ஆரம்பித்து, தமிழில் சரத்குமார் 'கோடீஸ்வரன்' நடத்தியபோது, என் சித்தப்பா பொது அறிவுப் புத்தகம் வாங்கி வைத்துக்கொண்டு உருப்போட்டார். நதிகளின் நீளம், நோபல் பரிசு வாங்கியவர்கள் என்று வீட்டில் ஒரே சத்தம். எங்கள் நிகழ்ச்சியின் ஆடிஷனுக்கும் ஒரு ஓய்வு பெற்ற வாத்தியார் அதே மாதிரி நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். "எந்தப் பாடத்துலருந்து கேப்பீங்க?" என்றார். "எதுவும் கேக்க மாட்டோம் சார், நம்பர் சொன்னா போதும்" என்றேன். அவர் முகம் சுண்டிவிட்டது. "அப்ப எதுக்கு எங்களைத் தேர்வு பண்றீங்க?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். ரொம்ப நியாயமான கேள்வி. அன்றைக்கு அதை நாங்கள் ஜோக்காகச் சொல்லிச் சிரித்தோம்.

எதற்குத் தேர்வு என்றால், படிவத்தில் ஒரே ஒரு கேள்விக்கான பதிலுக்குத்தான். 'பரிசுத் தொகை கிடைத்தால் என்ன செய்வீர்கள்?' அறிவு வேண்டாத ஆட்டத்தில் பார்க்கிறவனை உட்கார வைக்க வேறு ஏதாவது வேண்டும். பணம் எவ்வளவு தேவையோ அவ்வளவுக்கு முகத்தில் தெரியும். வீட்டுக்கடனை அடைத்துவிட்டு உலகம் சுற்றப் போகிறேன் என்று எழுதியவர்களை ஓரமாக வைத்துவிடுவோம்.

அந்த அக்கா திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்திருந்தார். கூட்டுறவு வங்கியில் நகை அடகில் இருக்கிறது, அசலும் வட்டியுமாக 38,000 ரூபாய், அதை மீட்க வேண்டும் என்று எழுதியிருந்தார். எழுத்து ரொம்ப நேராக, மாணவி எழுதியதுபோல் இருந்தது. அந்தப் படிவத்தில் மேல் மூலையில் நட்சத்திரம் போட்டவன் நான்தான்.

மகள் ஏழாம் தேதி பிறந்தவள் என்று ஏழாம் நம்பர் பானையை எடுத்துக்கொண்டார். எல்லாருமே அப்படித்தான் எடுப்பார்கள். பிறந்த தேதி, கல்யாண நாள், பஸ் நம்பர், ராசி எண். தெரிந்துகொள்ள எதுவுமே இல்லாத இடத்தில் மனுஷன் எதையாவது தெரிந்ததுபோல் பிடித்துக்கொள்கிறான். எங்கள் ஆங்கரும் அதற்கு ஏற்றமாதிரி 'மனசு என்ன சொல்லுது', 'குலசாமி என்ன சொல்றாரு' என்று எடுத்துக் கொடுப்பார்.

அவருக்கு ஆட்டம் நன்றாகவே போனது. நான்கு பானை மிச்சம் இருந்தபோது போர்டில் இருந்தவை 100, 2,000, 50,000, 2,00,000. முதலாளி போன் செய்து 45,000 என்றார். ஆங்கர் "ஒரு சின்ன இடைவேளை" என்றார். டச்சப் பையன் ஓடி வந்தான். லேப்பல் மைக்கின் பேட்டரி மாற்றினார்கள். நான் தண்ணீர் பாட்டிலோடு போனேன்.

அதே நேரம் காதில் மாட்டியிருந்த டாக்பேக்கில் புரொட்யூசரின் குரல்: "இன்னும் ரெண்டு செக்மென்ட் வேணும். இப்பவே முடிச்சுட்டா புட்டேஜுக்கு எங்க போறது?" இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. அந்த லைனில் ஃப்ளோர் மேனேஜர், கேமராமேன்கள், ஆங்கர், நான் எல்லாரும் இருந்தோம். எல்லார் காதிலும் விழுந்தது. ஆனால் அந்த நிமிஷம் அக்கா பக்கத்தில் நின்றவன் நான் ஒருவன்தான்.

அக்கா தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டார்: "நீயா இருந்தா என்ன தம்பி செய்வே?"

நானாக இருந்தால் அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு அன்றைக்கே ஊருக்குப் பஸ் ஏறியிருப்பேன். எனக்கு அப்போது சம்பளம் 9,000. நாற்பத்தைந்தாயிரம் என்றால் ஐந்து மாதச் சம்பளம். யோசிக்கவே தேவையில்லை. பதில் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது அந்தக் கேள்வி. உங்க பானை மேல உங்களுக்கு நம்பிக்கை இல்லையாக்கா?

அவர் ஒன்றும் சொல்லவில்லை. சிரித்த மாதிரி ஞாபகம். அப்புறம் லைட் ஏறிவிட்டது.

அவர் 45,000 வேண்டாம் என்றார். அடுத்து உடைத்த பானையில் இரண்டு லட்சம் இருந்தது. மீதி மூன்றும் சேர்த்தே 52,100 ரூபாய். முதலாளி 14,000 என்றார். அதையும் வேண்டாம் என்றார். அடுத்த பானையில் 50,000 போனது. கடைசியில் 900 ரூபாய் சொன்னபோது ஸ்டூடியோவில் யாரோ சிரித்தார்கள். அதையும் மறுத்து ஏழாம் நம்பரை உடைத்தார். அதில் 2,000 இருந்தது. மிஞ்சியிருந்த இரண்டில் பெரியது. அந்த அளவுக்குப் பானை அவரைக் கைவிடவில்லை என்று வேண்டுமானால் சொல்லலாம்.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்கிறேன். அந்த நான்கு தொகையையும் கூட்டினால் 2,52,100. நான்கால் வகுத்தால் 63,025. முதலாளி தருவதாகச் சொன்னது அதைவிடப் பதினெட்டாயிரம் குறைவு. கணக்கு வாத்தியாரைக் கேட்டாலும் 'தொடரலாம்' என்றுதான் சொல்வார். இரண்டு லட்சம் உடைய நாலில் ஒரு வாய்ப்புத்தான். அக்கா செய்தது முட்டாள்தனம் இல்லை. புத்தகக் கணக்குப்படி சரியான முடிவு, முடிந்த விதம்தான் சரியில்லை. ஆனால் சராசரி என்பது நூறு தடவை ஆடுகிறவனுக்கு. அவர் ஒரே ஒரு தடவை ஆட வந்தவர். நூறு தடவை ஆடுகிறவர்கள் நாங்கள். அதனால்தான் கால்குலேட்டர் எங்கள் பக்கத்தில் இருந்தது.

இன்னொன்று. 45,000 வாங்கியிருந்தாலும் முழுசாகக் கைக்கு வந்திருக்காது. இந்த மாதிரிப் பரிசுகளுக்கு 30 சதவீத வரி. நாங்கள் பிடித்துக்கொண்டுதான் கொடுப்போம். 13,500 போக 31,500. வருமானமே இல்லாதவர்கள் ரிட்டர்ன் போட்டாலும் அது திரும்பி வராது, சட்டம் அப்படி. ஆக நகையை எப்படியும் மீட்டிருக்க முடியாது என்று பல நாள் எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டேன். இந்த ஆறுதலில் ஒரு ஓட்டை. வரி பிடிப்பது பற்றிய காகிதத்தில் அவரிடம் கையெழுத்து வாங்கியவனும் நானே. "இது ஃபார்மாலிட்டிக்கா" என்று சொல்லித்தான் வாங்கினேன். முப்பத்தோராயிரத்தைக் கட்டி ஒரு வளையலையாவது மீட்டிருக்கலாம். கடைசியில் கிடைத்த 2,000 சின்னத் தொகை என்பதால் வரி பிடிக்கவில்லை. செக் முழுத் தொகைக்குப் போனது.

வேலையை விட்டபிறகு இந்த ஆட்டத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அறிவு தேவைப்படாத ஆட்டம் என்றுதானே நாங்கள் நினைத்தோம், பொருளாதாரப் பேராசிரியர்கள் இதை உட்கார்ந்து ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். நெதர்லாந்து, ஜெர்மனி, அமெரிக்கா மூன்று நாட்டு நிகழ்ச்சிகளில் 151 போட்டியாளர்கள் எடுத்த முடிவுகளை வைத்து, 2008-இல் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்களில் ஒருவர் ரிச்சர்ட் தாலர், 2017-இல் நோபல் வாங்கியவர். பேராசிரியர்களுக்கு இது ஏன் பிடித்தது என்றால், வித்தை எதுவும் வேண்டாத ஆட்டம் என்பதால் ஆளின் துணிச்சலும் பயமும் மட்டும் சுத்தமாகத் தெரிகிறது. எங்கள் புரொட்யூசருக்குப் பிடித்ததற்கும் ஏறக்குறைய அதே காரணம்தான்.

அதில் ஒரு நெதர்லாந்துக்காரர் வருகிறார். ஆட்டத்தின் பின்பகுதியில், மிஞ்சியிருந்த ஒரே பெரிய தொகையும் கையைவிட்டுப் போனவர். கடைசியில் மிஞ்சியது 10 யூரோவும் 10,000 யூரோவும். வங்கியாளர் 6,000 தருகிறேன் என்றார். சராசரியைவிடவே அதிகம். வேண்டாம் என்று சொல்லி, 10 யூரோவோடு வீட்டுக்குப் போனார். பெரிதாக இழந்தவன் விட்டதைப் பிடிக்க இன்னும் துணிந்து ஆடுவான் என்பது அந்தக் கட்டுரை சொன்னவற்றில் ஒன்று. ஊரில் சீட்டாட்டக்காரர்களைப் பார்த்தவர்களுக்கு இதற்கு நோபல் தேவையில்லை.

அதைப் படித்தபோது முதலில் நிம்மதியாக இருந்தது. பதினாலாயிரத்தை அக்கா மறுத்தபோது நான் பக்கத்தில்கூட இல்லையே, ஒரு வார்த்தை பேசவில்லையே. மனித சுபாவம். நெதர்லாந்திலும் இதுதான் நடந்தது. பிறகு தோன்றியது, அந்த இரண்டாவது மறுப்பு முதல் மறுப்பின் குட்டி. முதலாவது எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவில் ஒருவர் இந்த மாதிரி அதிர்ஷ்ட ஆட்டத்தைப் புத்தியால் ஜெயித்த கதையும் உண்டு. 1984-இல் மைக்கேல் லார்சன் என்ற ஐஸ்கிரீம் வண்டிக்காரர், ஒரு டிவி நிகழ்ச்சியின் பரிசுப் பலகையில் விளக்கு ஓடுவதில் ஐந்து வரிசைகள்தான் மாறி மாறி வருகின்றன என்று வீட்டில் டிவி பார்த்தே கண்டுபிடித்து, மனப்பாடம் செய்து போய் 1,10,237 டாலர் ஜெயித்துவிட்டார். டிவிக்காரர்கள் விதியைப் புரட்டிப் பார்த்தார்கள், ஏமாற்று ஒன்றும் இல்லை, பணத்தைக் கொடுத்தார்கள். எங்கள் ஆர்ட் அசிஸ்டென்ட் சீட்டு போட்ட வரிசையிலும் ஒரு பழக்கம் இருந்திருக்கலாம். பன்னிரண்டு பானையில் தினம் நாலு தடவை சீட்டு போடுகிறவனுக்குக் கை ஒரே மாதிரி போகும். யாரும் பார்க்கவில்லை. அந்த நோட்டுப் புத்தக வாத்தியாரை எடுத்திருந்தால் ஒருவேளை கவனித்திருப்பார்.

எபிசோடு டிவியில் வந்தபோது பார்த்தேன். இடைவேளைக்குப் பிறகு ஆங்கர் கேட்கிறார்: "என்ன முடிவு பண்ணியிருக்கீங்க?" அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து சொல்கிறார்: "என் பானை மேல எனக்கு நம்பிக்கை இருக்கு." கைதட்டல், இசை. புரோமோவிலும் அந்த வரியைத்தான் போட்டார்கள். நன்றாக எடுபட்டது. டீ குடிக்கிற இடத்தில் புரொட்யூசர் என் தோளைத் தட்டினார். எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அது என் வாக்கியம். கேள்விக்குறியை எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். அப்படித்தான் வெகுநாள் நினைத்தேன். பிறகு ஒரு நாள் பழைய எபிசோடுகளைத் தேடிப் பார்த்தேன். அவருக்கு முன்னால் ஆடியவர்களிலேயே இரண்டு பேர் கிட்டத்தட்ட அதே வார்த்தைகளைச் சொல்லியிருக்கிறார்கள். அவர் வீட்டில் அதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் வந்திருப்பார். டிவியில் அப்படிப் பேச வேண்டும் என்று முன்பே முடிவு செய்திருப்பார். அப்படியானால் என் கேள்விக்கு ஒரு வேலையும் இல்லை. அல்லது எனக்கே அந்த வாக்கியம் அவர்களிடமிருந்துதான் ஒட்டிக்கொண்டதா? இந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு தடவையும் சுற்றிவிடுகிறது. என்னிடம் அவர் கேட்டது என்ன செய்வாய் என்றுதான், பானையைப் பற்றி அல்ல. அதற்கு மட்டும் நான் பதில் சொல்லவில்லை.

ஒளிபரப்பாகி இரண்டு நாள் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது. செக் வரவில்லை என்று கேட்கப்போகிறார் என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன். செக் வந்துவிட்டதாம். தெருவே உட்கார்ந்து பார்த்ததாம், மகள் பள்ளிக்கூடத்திலும் எல்லாரும் பேசினார்களாம்.

"நான் நல்லா பேசினேனா தம்பி?"

"நல்லா பேசினீங்கக்கா."