குழு கூடும் செவ்வாய்க்கிழமைகள்: ஒரு சமூகப் பணியாளரின் நாட்குறிப்பு

ஜனவரி 9, செவ்வாய்

புதுக் குழுவுக்கு ஆள் சேர்க்கும் வேலை தொடங்கிவிட்டது. நீண்டநாள் மனச்சோர்விலிருந்து மீண்டு வருகிறவர்களுக்கான குழு. மருத்துவர் அனுப்பும் ஒவ்வொருவரிடமும் தனியாக உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் சேர்ப்பேன்.

"நாலு பேர் முன்னாடி என் கதையைச் சொல்லணுமா?" இன்று வந்த எல்லோரும் ஏதோ ஒரு விதத்தில் இதைக் கேட்டார்கள். சொல்ல வேண்டாம், முதலில் வந்து உட்காருங்கள், போதும் என்றேன். எத்தனை வாரம் நடக்கும், யார் நடத்துவார்கள், பேசப் பிடிக்காவிட்டால் என்ன, பாதியில் நின்றுவிடத் தோன்றினால் யாரிடம் சொல்வது, எல்லாவற்றையும் இப்போதே பேசிவிட வேண்டும். இப்படித் தயாராகி வருகிறவர்கள் இடையில் நின்றுபோவது குறைவு.

எல்லோரையும் சேர்த்துவிடவும் முடியாது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இன்றைக்கும் தீவிரமாக இருப்பவருக்கு முதலில் தனிக் கவனிப்பு வேண்டும். குழு பிறகு. எண்ணிக்கையைப் பொறுத்தவரை ஏழெட்டுப் பேர் சரியாக இருக்கும். குழு சிகிச்சை பற்றி எழுதிய அமெரிக்க மனநல மருத்துவர் இர்வின் யாலோம் சொல்லும் அளவும் அதுதான். மிகவும் குறைந்தால் ஆளுக்கொரு கேள்வி, ஆளுக்கொரு பதில் என்று ஆகிவிடுகிறது. பத்தைத் தாண்டினால் வாய் திறக்காமலே நாட்களைக் கடத்திவிடலாம்.

ஜனவரி 23, செவ்வாய்

முதல் அமர்வு. எட்டுப் பேர், பன்னிரண்டு வாரம், வாரம் ஒன்றரை மணி நேரம். நடுவில் புதியவரைச் சேர்ப்பதில்லை. (இங்கே வருகிறவர்களின் அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். சில இடங்களில் இருவரை ஒருவராக்கியும் இருக்கிறேன்.)

ரகசியம் பற்றி வெகுநேரம் பேசினோம். என் தரப்பில் நான் உறுதி தரலாம், மற்ற ஏழு பேருக்காகவும் நான் உறுதி தர முடியாது, அதை நீங்களே ஒருவருக்கொருவர் தர வேண்டும் என்றேன். யாருடைய உயிருக்காவது ஆபத்து என்று தெரிந்தால் வெளியே சொல்ல வேண்டியிருக்கும் என்பதையும் முதல் நாளே சொல்லிவிட்டேன்.

பேசிய எல்லோரும் என்னைப் பார்த்தே பேசினார்கள். அப்போது நான் பேசுகிறவரையே பார்த்துக்கொண்டிருக்காமல் மற்றவர்களின் முகங்களையும் பார்ப்பேன். கொஞ்ச நேரத்தில் அவர் கண்ணும் அந்தப் பக்கம் போகும். இன்று இரண்டு பேருக்குப் போனது. முதல் நாளுக்கு அது நல்ல அறிகுறி.

ஜனவரி 25, வியாழன்

பயிற்சிக்கு வந்திருக்கும் மாணவி என்னோடு குழுவில் உட்காருகிறார். "உளவியலாளர் நடத்துறதுக்கும் நாம நடத்துறதுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டார். நல்ல கேள்வி.

1905இல் பாஸ்டனில் ஜோசப் பிராட் என்ற மருத்துவர் ஏழைக் காசநோயாளிகளை வாரம் ஒருமுறை கூட்டி, நோயோடு எப்படி வாழ்வது என்று சொல்லிக்கொடுத்தார். பாடத்தைவிட, தன்னைப்போல் இருப்பவர்களைப் பார்ப்பதே அவர்களுக்குத் தெம்பாக இருந்தது. குழு சிகிச்சையின் கதையை அங்கிருந்து தொடங்குவது வழக்கம். நம் தொழிலுக்கு இன்னொரு வேரும் உண்டு. ஜேன் ஆடம்ஸும் எலன் கேட்ஸ் ஸ்டாரும் 1889இல் சிகாகோவில் தொடங்கிய ஹல் ஹவுஸ் போன்ற குடியிருப்பு இல்லங்கள் அது. குடியேறிய தொழிலாளர்கள் அங்கே கூடிப் படித்தார்கள், விவாதித்தார்கள், தங்கள் தெருவுக்கு என்ன வேண்டும் என்று பேசினார்கள். யாரும் அவர்களை நோயாளி என்று அழைக்கவில்லை. 1960களில் சமூகப் பணிப் பேராசிரியர் வில்லியம் ஷ்வார்ட்ஸ் சொன்னதும் இதையொட்டித்தான்: குழு என்பது ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் ஏற்பாடு, சமூகப் பணியாளர் மனிதருக்கும் அவரைச் சுற்றியிருக்கும் அமைப்புகளுக்கும் நடுவே நிற்பவர்.

மனதுக்குள் நடப்பதைக் கேட்க நமக்கும் தெரிய வேண்டும். ஆனால் குழுவுக்கு வருகிறவரிடம், வேலை போன கதையையும் வீட்டு வாடகையையும் அறைக்கு வெளியே விட்டுவிட்டு வரச் சொல்லக்கூடாது என்று மாணவியிடம் சொன்னேன்.

பிப்ரவரி 13, செவ்வாய்

இன்று வெடித்தது. கணக்காளராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் வழக்கம்போல் நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனார். சிலர் கடிகாரத்தைப் பார்த்தார்கள். கடைசியில் குழுவிலேயே இளையவர், "ஐயா, நீங்களே பேசிட்டிருந்தா நாங்க எப்பப் பேசுறது?" என்றார். அதே வேகத்தில் என் பக்கம் திரும்பி, "நீங்களும் பார்த்துக்கிட்டே இருக்கீங்களே!" என்றார்.

இந்தக் கட்டம் வரும் என்று தெரியும். உருவாதல், மோதல், ஒழுங்குக்கு வருதல், வேலையில் இறங்குதல் என்று குழுக்களின் வளர்ச்சியை உளவியலாளர் புரூஸ் டக்மன் 1965இல் வரிசைப்படுத்தியதில் இரண்டாவது இது. மோதலே இல்லாத குழுவைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை வரும். ஆனால் அதை அப்படியே விட்டால் ஒருவரையே பலியாடு ஆக்கிவிடுவார்கள். அங்கே நான் நுழைய வேண்டும். என்மேல் வந்த கோபத்தை முதலில் வாங்கிக்கொண்டேன். நான் பேசாமல் இருந்தது உங்களைத் தனியாக விட்டதுபோல் இருந்ததா என்று கேட்டேன். ஆமாம் என்றார். அப்புறம் பெரியவரிடம், பேச்சை நிறுத்தினால் என்ன ஆகும் என்று தோன்றுகிறது என்று கேட்டேன்.

வெகுநேரம் யோசித்தார். "வீட்ல யாரும் கேட்கிறதில்லம்மா. நிறுத்திட்டா மறுபடி நம்ம முறை வராதுன்னு இருக்கு."

இளையவர் தலைகுனிந்து, "எங்க அப்பாவும் இப்படித்தான்" என்றார். அதற்குமேல் நான் எதுவும் சொல்லவில்லை.

பிப்ரவரி 15, வியாழன்

நாள் முழுக்கத் தொலைபேசி. படுக்கையில் இருக்கும் தாயைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் ஒருவர் போன அமர்வுக்கு வரவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் மாற்று ஆள் ஏற்பாடானது. இன்னொருவருக்கு வேலை நேரம் மாற்றித் தரச் சொல்லி நிறுவனத்துக்குக் கடிதம். அவர் சம்மதித்த பிறகு, அவருக்குப் படித்துக் காட்டிவிட்டு அனுப்பினேன். சிகிச்சையில் இருக்கிறார் என்பதற்குமேல் அதில் ஒரு வார்த்தை கிடையாது.

இதை எடுபிடி வேலை என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்குச் சிகிச்சையில் பாதி இதுதான். நாற்காலிக்கு வந்து சேர முடியாதவருக்கு எந்த முறையும் உதவாது.

மார்ச் 5, செவ்வாய்

முதல் வாரத்திலிருந்து அதிகம் பேசாத பெண்மணி இன்று பேசினார். காலையில் எழுந்து பல் தேய்க்கக்கூட முடிவதில்லை, வீட்டில் சோம்பேறி என்கிறார்கள், தனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் எதிரிலிருந்து ஒருவர், "பிரஷ்ல பேஸ்ட்டை வச்சுக்கிட்டு அப்படியே நின்னிருக்கேங்க. அது காஞ்சே போயிடும்" என்றார். இன்னும் இரண்டு பேர் தலையசைத்தார்கள். பெரியவர் தன் கதையைத் தொடங்கவில்லை. "எந்த நேரத்துல ரொம்பக் கஷ்டமா இருக்கும்மா?" என்று அவரிடம் கேட்டார்.

குழு எதனால் குணமாக்குகிறது என்பதற்கு யாலோம் பதினொரு காரணிகளைச் சொல்கிறார். தனக்கு மட்டும் இல்லை என்று தெரிவது ஒன்று, இன்னொருவருக்கு உதவ முடிவது இன்னொன்று. இரண்டும் ஐந்து நிமிடத்துக்குள் நடந்தன. இதே வார்த்தைகளை நான் தனியறையில் அவரிடம் சொன்னபோது, "நீங்க அப்படித்தான் சொல்வீங்க" என்றிருந்தார். பேஸ்ட் காய்ந்துபோனவர் சொன்னதும் நம்பினார்.

மார்ச் 19, செவ்வாய்

முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது, எழுந்துகொண்டே ஒருவர், "சில நாள் எதுக்கு இருக்கோம்னு தோணுது" என்றார். கனமான விஷயம் கதவருகில்தான் வரும். கேட்க நேரமில்லாதபோது சொல்வது பலருக்குப் பாதுகாப்பாக இருக்கிறது. அடுத்த வாரம் பேசலாம் என்று இதைத் தள்ளிவைக்கக் கூடாது. மற்றவர்களை மாணவி வழியனுப்ப, நான் அவரை உட்காரவைத்து நேராகவே கேட்டேன்: சாக வேண்டும் என்று தோன்றுகிறதா, எப்படி என்று யோசித்திருக்கிறீர்களா. அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. திட்டம் எதுவும் இல்லை. மருத்துவர் அன்றே பார்த்தார். அடுத்த அமர்வை இதிலிருந்தே தொடங்க அவரே சம்மதித்தார்.

ஏப்ரல் 9, செவ்வாய்

கடைசி அமர்வு. முடிவைப் பற்றிச் சில வாரங்களாகவே பேசி வருகிறோம். முடியப்போகிறது என்றதும் பழைய தூக்கமின்மை இருவருக்குத் திரும்பியது. பிரிவை உடம்பும் உணர்ந்துகொள்ளும் என்று பேசியதும் பயம் குறைந்தது. ஒருவர் தனி ஆலோசனையைத் தொடர்கிறார். இருவர் சுய உதவிக் குழுவில் சேர்கிறார்கள். அங்கே என்னைப்போல் ஒருவர் நடத்த மாட்டார், அவர்களே நடத்திக்கொள்வார்கள். ஒரு மாதம் கழித்து எல்லோரையும் ஒருமுறை பார்ப்பேன்.

தொலைபேசி எண் மாற்றிக்கொள்ளலாமா என்று இளையவர் கேட்டார். குழு நடக்கும்போது வெளியே பேசியதையும் உள்ளே கொண்டுவரச் சொல்லியிருந்தேன். இனி அது உங்கள் விருப்பம், தர விரும்பாதவரை யாரும் வற்புறுத்த வேண்டாம் என்றேன். ஆறு பேர் எழுதிக்கொண்டார்கள். பெரியவரின் எண்ணை முதலில் கேட்டது இளையவர்தான்.