சங்ககிரிக் கட்டு

ஜூன் மாதம் பிறந்துவிட்டால், வெள்ளிக்கிழமை மாலைகளில் டொரன்டோவிலிருந்து வடக்கே போகும் 400 ஆம் எண் நெடுஞ்சாலையில் காருக்குக் கார் கூரையில் ஒரு கனூ, அதாவது துடுப்புப் போடும் நீளப் படகு, கவிழ்ந்து கிடக்கும். ஈரோடு, நாமக்கல், கோவைப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய நம்மவர்கள் பலர் அதை வேடிக்கை பார்ப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அது வெள்ளைக்காரர்களின் பொழுதுபோக்கு என்று ஓர் எண்ணம். கனூ வெள்ளைக்காரர்கள் கண்டுபிடித்ததே அல்ல. இந்த மண்ணின் பூர்வகுடிகள் மரப்பட்டையை உரித்து, வேரால் தைத்து, பிசின் பூசிச் செய்த படகு அது. வந்தேறிகள் எல்லோரும் அவர்களிடம் கற்றுக்கொண்டவர்கள்தான், நாமும் கற்றுக்கொள்ளலாம். அதிலும் கொங்கு நாட்டிலிருந்து வந்தவர்களுக்குப் பாதி வேலை ஏற்கெனவே தெரியும் என்பது என் கட்சி.

துடுப்புப் போடுவதை அமைதியான ஏரியில் ஒரு பிற்பகலில் பழகிவிடலாம். கவனம் முழுவதும் தேவைப்படுவது வீட்டு வாசலிலிருந்து ஏரிக்கரை வரை உள்ள தூரத்துக்கு. ஏரிகள் நிறைந்த அல்கோன்குவின் பூங்காவின் மேற்கு வாயில் டொரன்டோவிலிருந்து ஏறத்தாழ 250 கிலோமீட்டர். அவ்வளவு தூரமும் பதினாறு, பதினேழு அடி நீளப் படகு ஒன்று நம் தலைக்கு மேலே, மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் பயணம் செய்கிறது. அது கழன்றால் பின்னால் வருகிற குடும்பத்தின் கண்ணாடியில்தான் போய் விழும்.

என் அப்பா சங்ககிரியில் லாரி ஓட்டியவர். எங்கள் பக்கத்தைத் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை: நாமக்கல்லில் பாடி கட்டுவார்கள், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி புறப்படும், சங்ககிரியில் தெருவுக்கு நாலு வீடாவது லாரியை நம்பிப் பிழைக்கும். ஈரோட்டு மஞ்சள் மூட்டையை வடக்கே இறக்கிவிட்டு, அங்கே கிடைத்த லோடோடு திரும்பி வருவார். பேரப்பிள்ளைகளைப் பார்க்க அம்மாவும் அவரும் போன கோடையில் இங்கே வந்திருந்தபோது, பழைய படகு ஒன்றை வாங்கி வாசலில் போட்டிருந்தேன். அப்பா அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"எத்தனை கிலோ இருக்கும் கண்ணு?"

"முப்பது கிலோ இருக்கும் அப்பா."

"கூரை எத்தனை தாங்கும்?"

கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். காரோடு வரும் கையேட்டில் கூரையின் தாங்கும் எடை அச்சிட்டிருக்கும். 75 கிலோ என்பது பல கார்களில் காணும் அளவு. சில கார்களுக்கு 45 கிலோதான். அந்தக் கணக்கில், படகைத் தாங்கக் கூரையில் பொருத்தும் கேரியரின் எடையும் சேரும். கேரியர் தயாரித்தவர் ஓர் எடை சொல்லி, கார் தயாரித்தவர் வேறு எடை சொன்னால், இரண்டில் குறைந்ததை எடுத்துக்கொள்ள வேண்டும். கெவ்லார் இழையில் செய்த படகு இருபது கிலோவுக்குள் அடங்கிவிடும்; பிளாஸ்டிக் படகு முப்பதையும் தாண்டிப் போகும்.

"எடை பெரிதில்லை, காற்றுதான்" என்றார் அப்பா. காலி டிரம் ஏற்றிய வண்டியை ஓட்டுவதற்குத்தான் பயம், இரும்பு ஏற்றிய வண்டியை ஓட்டுவதற்கு அல்ல என்றார். வேகம் இரு மடங்கானால் காற்றின் விசை நான்கு மடங்காகும். கவிழ்த்துக் கட்டிய படகின் முன் நுனிக்கு அடியில் காற்று புகுந்து மேலே தூக்கப் பார்க்கும். பக்கத்தில் ஒரு டிரெய்லர் கடந்து போனால், பக்கவாட்டிலிருந்து ஓர் அடி விழும். தூக்கும் விசைக்கு ஒரு கட்டு, பக்கவாட்டு விசைக்கு ஒரு கட்டு என்று தனித்தனியாக யோசித்துக் கட்ட வேண்டும்.

முதலில் கேரியரின் இரண்டு குறுக்குக் கம்பிகள். கார் இடம் கொடுக்கிற அளவுக்கு அவற்றை முன்னும் பின்னுமாகத் தள்ளி வைக்க வேண்டும். நெருக்கமாக வைத்தால் படகு திரும்பப் பார்க்கும். படகை இருவராகத் தூக்கி, கவிழ்த்து, அதன் விளிம்புகள் கம்பிகளில் படியும்படி நடுவாக வைக்க வேண்டும். பிறகு இரண்டு பட்டைகள். ஒவ்வொன்றும் படகின் முதுகைத் தாண்டி மறுபுறம் இறங்கி, கம்பிக்கு அடியில் சுற்றி, மீண்டும் முதுகைத் தாண்டித் திரும்ப வேண்டும். பட்டை கம்பியைச் சுற்றும் இடம் படகின் விளிம்பை ஒட்டியே இருக்க வேண்டும். தள்ளிப் போனால் அந்த இடைவெளி அளவுக்குப் படகு நகரும்.

இங்கே அப்பாவின் பழக்கத்துக்கு ஒரு சோதனை வந்தது. பல் சக்கரம் வைத்து இறுக்கும் ராட்செட் பட்டையைக் கடையில் பார்த்திருந்தார். அதை வாங்கலாமே என்றார். படகின் வெளி ஓடு எப்படி இருக்கிறது என்று கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கச் சொன்னேன். லேசாக உள்ளே போய்த் திரும்பியது. உடனே கையை எடுத்துவிட்டார்.

"அடடா, இது முட்டை லோடு."

அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ராட்செட்டின் பலத்துக்கு ஓடு நசுங்கும், விளிம்பு வெடிக்கும். கையால் இழுத்தால் பூட்டிக்கொள்ளும் கேம் பக்கிள் பட்டை போதும். பக்கிள் படகின் ஓட்டில் படும் இடத்தில், அதற்கு அடியில் ஒரு துணி வைக்க வேண்டும். பட்டையில் ஒரே ஒரு முறுக்கு விட்டால், நெடுஞ்சாலையில் அது காற்றில் அதிர்ந்து ரீங்காரம் இடாது.

முன் நுனிக்கும் பின் நுனிக்கும் தனிக் கயிறு கட்ட வேண்டும். பலரும் சோம்பல்படுவது இங்கேதான். தூக்கும் விசையை எதிர்த்து நிற்பதோ இந்தக் கயிறுகள்தான். முன்னால் பானட்டைத் திறந்து, அடியில் உள்ள இரும்பு போல்ட்டில் பட்டைக் கண்ணிகளைப் பொருத்தி மூடிவிட்டால், இருபுறமும் கண்ணி வெளியே தெரியும். அதிலிருந்து படகின் நுனிக்கு இரண்டு கயிறுகள், கவிழ்த்த V போல. பின்னால், இழுவைக் கொக்கி. பிளாஸ்டிக் பம்பரில் எதையும் கட்டக் கூடாது. கயிற்றைக் கையில் வாங்கிய அப்பா கேட்டது, "நைலானா?" என்றுதான். நைலான் நனைந்தால் நீளும் என்பது மழையில் மூட்டை கட்டிய எவருக்கும் தெரியும். பாலியெஸ்டர் என்றதும் தலையாட்டினார்.

அவர் போட்ட முடிச்சை இங்கே உள்ள படகுக்காரர்களும் போடுகிறார்கள். கயிற்றின் நடுவில் ஒரு கண்ணி. முனை கீழே கொக்கியைச் சுற்றி மேலே வந்து கண்ணிக்குள் நுழைந்து, மறுபடி கீழ் நோக்கி இழுபடும். கண்ணியே கப்பியாகி விசையைப் பெருக்கிக் கொடுக்கும். அப்பாவின் இடது கை இழுத்துப் பிடித்திருக்க, வலது கை பார்க்காமலேயே இரண்டு சுருக்குப் போட்டு முடித்தது. பானட்டின் ஓரத்தில் கயிறு உரசும் இடத்துக்கு ஒரு சாக்கு கேட்டார். டொரன்டோ வீட்டில் சாக்கு எங்கே கிடைக்கும்? என் மனைவி பழைய துண்டு ஒன்றைக் கொண்டுவந்து, "இது போதுங்களா மாமா?" என்று கேட்டு நான்காக மடித்துக் கொடுத்தாள்.

கடைசியில் அப்பா படகின் மூக்கைப் பிடித்து ஆட்டினார். படகோடு சேர்ந்து கார் முழுவதும் ஆடியது. படகு மட்டும் அசைந்தால் அவிழ்த்து மறுபடி கட்ட வேண்டும். இதைவிட நல்ல சோதனை எந்த வழிகாட்டி ஏட்டிலும் இல்லை.

புறப்பட்ட கால் மணி நேரத்தில் பெட்ரோல் நிலையம் ஒன்றில் வண்டியை ஓரம்கட்டச் சொன்னார். சங்ககிரியில் லோடு ஏற்றிய வண்டி முதல் டீக்கடையில் நிற்பது டீக்காக மட்டுமல்ல. ஓட்டத்தில் லோடு உட்காரும், கயிறு தளரும். கிளீனர் இறங்கி ஒவ்வொரு கயிற்றையும் தட்டிப் பார்த்துவிட்டு வருவார். அன்றும் முன் கயிறு ஒரு விரல் அளவுக்குத் தளர்ந்திருந்தது. ஒன்டாரியோ சட்டப்படி, சுமை காரின் பின்புறத்தைத் தாண்டி ஒன்றரை மீட்டரோ அதற்கு மேலோ நீண்டால் நுனியில் சிவப்புத் துணி தொங்க வேண்டும், இருட்டில் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். எங்கள் படகு அவ்வளவு நீளவில்லை. அப்பா எப்படியும் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டார். "பின்னால் வருகிறவருக்கு நம் கட்டு எப்படி என்று தெரியாதே கண்ணு" என்றார். அதை நான் இன்றுவரை கழற்றவில்லை.

ஏரியில் கழித்த பொழுதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பவானியில் பரிசல்காரர் பரிசலைக் கவிழ்த்துத் தலையில் சுமந்து போவதைப் பார்த்து வளர்ந்த அம்மாவுக்கு, ஓர் ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்குப் படகைக் கவிழ்த்துத் தோளில் சுமந்து போகும் இந்த ஊர்க்காரர்களைப் பார்த்ததில் பெரிய மகிழ்ச்சி.

திரும்பும்போது ஒரு வேலை இருக்கிறது. 2022 ஜனவரி முதல், படகைச் சாலையில் ஏற்றும் முன் அதில் ஒட்டிய செடி, கொடி, உயிரினங்களை அகற்றி, தண்ணீரை வடித்துவிட வேண்டும் என்பது ஒன்டாரியோவில் கட்டாயம். வரிக்குதிரை மட்டி என்ற அயல் சிப்பி ஓர் ஏரியிலிருந்து இன்னோர் ஏரிக்குப் படகில் தொற்றிக்கொண்டுதான் போகிறது. கோவைக் குளங்களை ஆகாயத்தாமரை மூடிக்கிடப்பதைப் பார்த்தவர்கள் இந்த விதியை அலட்சியம் செய்ய மாட்டார்கள். கட்டவிழ்ப்பதிலும் ஒரு முறை உண்டு: நுனிக் கயிறுகளை முதலில் அவிழ்த்து, பட்டைகளைக் கடைசியில் விட வேண்டும், அப்போது ஒருவர் படகைப் பிடித்திருக்க வேண்டும். பட்டைகளை வெயிலில் போட்டு வைக்கக் கூடாது. நிறம் வெளுத்து ஓரம் பிசிறினால் மாற்றிவிட வேண்டும்.

முதல் கோடையிலேயே படகு வாங்க வேண்டும் என்பதில்லை. பூங்காவுக்குள் 60 ஆம் எண் சாலையை ஒட்டிய ஏரிக்கரைகளில் வாடகைக்குக் கிடைக்கிறது. அங்கேயே எடுத்து அங்கேயே விட்டுவிடலாம். வேறு ஏரிக்குக் கொண்டுபோவதானால் கடைக்காரர்களே பெரும்பாலும் ஏற்றிக் கட்டிக்கொடுப்பார்கள். அப்போதும் சாவியைத் திருகும் முன் இறங்கி, மூக்கைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டே புறப்படுங்கள்.