திருவதிகையில் தம்பிக்காக ஓர் அர்ச்சனை

திருவதிகை வீரட்டானேஸ்வரர் கோயில் பண்ருட்டிக்குப் பக்கத்திலேயே, கெடில நதிக்கரையில் இருக்கிறது. சிவன் திரிபுரம் எரித்த தலம், அவர் வீரச் செயல்கள் நிகழ்த்திய எட்டுத் தலங்களான அட்ட வீரட்டானங்களில் ஒன்று. மூலவர் பதினாறு பட்டை லிங்கம், பார்த்தாலே நெஞ்சு நிறையும். ஆனால் நான் போனது திலகவதியாருக்காக.

தேவாரம் பாடிய அப்பரின் அக்கா அவர். அப்பா அம்மா இரண்டு பேரும் போய், நிச்சயித்த கலிப்பகையாரும் போரில் இறந்த பிறகு, தம்பிக்காகவே உயிரை வைத்துக்கொண்டிருந்தவர். அந்தத் தம்பியோ பாடலிபுத்திரத்துக்கு, அதாவது இன்றைய கடலூர்ப் பக்கம் போய், சமணப் பள்ளியில் சேர்ந்து தருமசேனர் என்று பெரிய பேர் வாங்கிவிட்டார். (சமணத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, அந்த அக்காவின் மனசு மட்டும்தான் எனக்கு முக்கியம்.) திலகவதியார் அங்கே போய் தம்பியோடு வாதாடவில்லை. இந்தக் கோயிலுக்கு வந்து, விடியும் முன்பே வாசல் கூட்டி, சாணம் மெழுகி, பூப்பறித்து மாலை கட்டி, "எனக்குப் பின் பிறந்தவனை நீயே எடுத்து ஆளணும்" என்று திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்.

என் தம்பிக்குச் சர்க்கரை. மாத்திரை போடமாட்டான், காலில் புண் வந்தாலும் டாக்டரிடம் போகமாட்டான், சொன்னால் "அக்கா, ஆரம்பிச்சுட்டியா" என்று போனை வைத்துவிடுவான். சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். அதனால் திலகவதியார் சன்னதி முன்னால் நின்றபோது தொண்டை அடைத்துவிட்டது.

அந்த வரலாற்றில் ஓர் இடம் எனக்குப் பயமாகவே இருக்கிறது. அக்காவின் வேண்டுதலுக்கு இறைவன் சூலை நோயாக அல்லவா பதில் கொடுத்தார்! வயிற்றைப் பிசைந்த வலி எதற்கும் அடங்காமல்தான் தம்பிக்கு அக்கா நினைவே வந்தது. சமையல்காரனை அனுப்பிக் கூப்பிட்டால், நான் அங்கே வரமாட்டேன் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார் அக்கா. அப்புறம் தம்பியே இருட்டோடு இருட்டாக வந்து காலில் விழுந்தபோது, அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை இல்லை. எழுப்பி, அஞ்செழுத்து ஓதித் திருநீறு கொடுத்து, திருப்பள்ளியெழுச்சி நேரத்தில் கோயிலுக்குள் கூட்டிப் போனார். "கூற்றாயினவாறு விலக்ககிலீர்" என்ற முதல் பதிகம் இங்கேதான் பிறந்தது, வலியும் தீர்ந்தது. ஏழாம் நூற்றாண்டுக் கதை, ஆனால் அக்கா தம்பி உள்ள எந்த வீட்டிலும் இன்றைக்கும் நடக்கிறதுதான்.

குருக்கள் தம்பியின் பெயர், நட்சத்திரம் கேட்டு அர்ச்சனை செய்தார். திருநீற்றை நாள்காட்டித் தாளில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அவன் பூசிக்கொள்வானா தெரியாது, வற்புறுத்தப் போவதுமில்லை. சாமியிடம் மட்டும் கறாராகவே கேட்டேன்: அவனுக்குப் புத்தி வரட்டும், ஆனால் சூலை மாதிரி ஒன்றைக் கொடுத்து வேண்டாம், நோகாமல் திருப்பு.

உங்கள் வீட்டிலும் சொல் பேச்சு கேட்காத பிள்ளையோ கணவரோ இருந்தால் திருவதிகைக்கு ஒருமுறை போய் வாருங்கள். மூலவரையும் பெரியநாயகியையும் பார்த்த கையோடு கிளம்பிவிடாமல், திலகவதியார் சன்னதியில் கொஞ்ச நேரம் நின்று, உங்கள் பிள்ளை அல்லது கணவர் பெயரை வாய்விட்டுச் சொல்லி வேண்டிக்கொள்ளுங்கள். முடிந்தால் என் தம்பிக்கும் சேர்த்து.