மூட்டுவலிக் குளிசை: எவ்வளவு, எப்போது, யாருக்குக் கூடாது

டைக்ளோபெனாக், ஐபுபுரோபன் எல்லாம் ஒரே குடும்பத்து வலிக்குளிசைகள். கிளினிக்கில் தந்தது ஒன்று, பாமசியில் வாங்கினது இன்னொன்று என்று சேர்த்துப் போட்டால் வலி இரட்டிப்பாகக் குறையாது, வயிற்றுப்புண்தான் வரும். இரண்டு பைகளிலும் உள்ள மருந்துப் பெயரை ஒப்பிட்டுப் பாருங்கள்.

டைக்ளோபெனாக் 50 மில்லிகிராம் என்றால் நாளுக்கு 3 குளிசைக்கு மேல் கூடாது. டொக்டர் குறைவாக எழுதியிருந்தால் அதுதான் அளவு. சாப்பிட்டபின் போடுவது நல்லது, ஆனால் அது மட்டும் போதாது: இரத்தத்தில் கலந்த பிறகும் இந்த மருந்து இரைப்பைச் சுவரின் காப்பைக் குறைக்கிறது. 65 வயது தாண்டியவர்களும், முன்பு அல்சர் வந்தவர்களும் வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் தேவையா என்று கட்டாயம் கேளுங்கள். அதைக் காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன் போட வேண்டும்.

எனக்குப் பெரிய கவலை சிறுநீரகம்தான். பிறஷருக்கு லோசார்டானும், சிறுநீர் போக்கும் குளிசையும் பாவிப்பவர் இந்த வலிக்குளிசையையும் போட்டால் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தம் குறையும். அம்பாறை வெயிலில் வயல் வேலை செய்து உடம்பு வற்றிய நாளிலும், வயிற்றோட்டம் உள்ள நாளிலும் ஆபத்து இன்னும் கூடும். இந்த மூன்றும் உங்கள் பையில் இருந்தால் டொக்டரிடம் காட்டுங்கள். முழங்காலுக்கு மட்டும் வலியென்றால் டைக்ளோபெனாக் ஜெல் போதுமா என்றும் கேட்கலாம்.

மட்டக்களப்பில் மாரி மழையோடு டெங்கும் வரும். காய்ச்சல் தொடங்கினால் வலிக்குளிசையை நிறுத்தி, பரசிட்டமோல் மட்டும் அளவோடு போட்டு, இரத்தம் சோதியுங்கள். மலம் தார்போல் கறுத்தால் விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.