ஸ்லீப்பர் பெட்டிக்குள் 72 பெர்த்

பிப்ரவரி 4, 2024, ஞாயிறு

மாடல் ரயிலுக்கான எச்ஓ அளவு (1:87, அதாவது நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு) ஐசிஎஃப் (சென்னை ரயில் பெட்டித் தொழிற்சாலை வகை) ஸ்லீப்பர் பெட்டி, அதன் உட்புறத்தை அமைக்கும் வேலை. நிஜத்தில் 21.3 மீட்டர் நீளம், மாடலில் 245 மி.மீ. பிளாஸ்டிக் சுவர் நிஜத்தைவிடத் தடிமன் என்பதால் உள்ளே கிடைத்த அகலம் 33 மி.மீ.தான். பெர்த்துக்கு 20, நடைபாதைக்கு 7, சைடு பெர்த்துக்கு 6 எனப் பிரித்தாயிற்று. 9 பே (எதிரெதிர் பெர்த்துகளும் சைடு பெர்த்துகளும் சேர்ந்த ஒரு பகுதி, 8 பெர்த்), பேக்கு இரண்டு ஜன்னல். பேகளைப் பிரிக்கும் தடுப்பு ஒவ்வொரு ஜன்னல் ஜோடிக்கும் இடையிலுள்ள தூணில்தான் உட்கார வேண்டும். முந்தைய தடுப்பிலிருந்து அடுத்ததை அளந்தால் அரை மி.மீ. பிழை சேர்ந்து சேர்ந்து, கடைசித் தடுப்பு ஜன்னல் நடுவே தெரியும். எல்லாவற்றையும் ஒரே முனையிலிருந்து அளக்கவும்.

பிப்ரவரி 10, சனி

பகலா, இரவா? வெட்டுவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். பகல் என்றால் மிடில் பெர்த் மடிந்து, லோயரில் இருப்பவருக்கு முதுகுச் சாய்மானம் ஆகிவிடும். இரவு என்றால் மூன்றும் விரிந்திருக்கும், யாரும் நிமிர்ந்து உட்கார முடியாது. விரித்த மிடிலுக்குக் கீழே நிமிர்ந்து உட்கார்ந்த பொம்மையை வைப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. இது பகல் பெட்டி.

1 மி.மீ. பாலிஸ்டைரீன் (பிளாஸ்டிக்) ஷீட்டில் 20×7 அளவில் 54 துண்டு, சைடுக்கு 18. அடர்நீலத்தை ஒட்டுவதற்கு முன்பே அடித்துவிடவும். ஒட்டிய பிறகு அப்பருக்கு அடியில் தூரிகை போகாது. மிடிலைத் தாங்கும் சங்கிலி தேவையில்லை, ஜன்னல் கம்பிகளைத் தாண்டி அது கண்ணுக்கு எட்டாது.

பிப்ரவரி 11, ஞாயிறு

ஜன்னல் பிளாஸ்டிக் அருகே சூப்பர் க்ளூ கூடாது. அதன் ஆவி படிந்து வெள்ளையாகப் பூக்கும், துடைத்தாலும் முழுதாகப் போகாது. அங்கே வெள்ளைப் பசைதான். உட்கார்ந்த பொம்மைகளின் அடிப்பாகத்தை அரம் போட்டுத் தட்டையாக்கினால்தான் இருக்கையில் படியும். ஐரோப்பியப் பொம்மைகளின் தொப்பிகளைச் செதுக்கி எடுத்தாயிற்று.

பிப்ரவரி 18, ஞாயிறு

விளக்கு. 12 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப்பில் 200 மி.மீ., ட்யூப்லைட் போன்ற வெள்ளை. தடுப்புகள் கூரையிலிருந்து 3 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்ட்ரிப் மாட்டியதும் கூரை மூடாது. நேரடியாகக் கொடுத்தால் கல்யாண மண்டபம் போல எரியும். 1 கிலோ ஓம் மின்தடை தொடரில் போட்டதும் சரியானது. மின்சாரம் தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியாக வருவதால், சக்கரம் அழுக்கானால் விளக்கு மினுக்கும், அதற்கு பிரிட்ஜ் ரெக்டிஃபையருக்கு (மின்சாரத்தை ஒரே திசையாக்கும் சுற்று) பின் 1000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கெபாசிட்டர். 10 மி.மீ. குறுக்களவுள்ள அதை எங்கே ஒளிப்பது? கழிப்பறையில்! அங்கே ஜன்னல் மங்கல் கண்ணாடி. டிசிசி (தண்டவாளம் வழியாகவே டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறை) பாதையென்றால் கெபாசிட்டரோடு 100 ஓம் மின்தடை தொடரில் வேண்டும். இல்லையேல் ஐந்தாறு பெட்டிகள் ஒன்றாக மின்னை இழுக்கும்போது பாதைக்கு மின்சாரம் தரும் பூஸ்டர் ஷார்ட் என்று நினைத்து அணைந்துவிடும்.

மூடிப் பார்த்தபோது சுவரே ஒளிர்ந்தது. உட்புறம் முதலில் கறுப்பு, காய்ந்ததும் அதன்மேல் கிரீம்.

பிப்ரவரி 25, ஞாயிறு

எடை. என்எம்ஆர்ஏ (அமெரிக்க மாடல் ரயில் சங்கம்) பரிந்துரைப்படி 1 அவுன்ஸ், கூடவே அங்குலத்துக்கு அரை அவுன்ஸ்: இந்த நீளத்துக்குச் சுமார் 165 கிராம். குறைந்ததை இரும்பு வாஷர்களாக லோயர் பெர்த்துக்கு அடியில், போகிகளுக்கு (பெட்டியின் அடியிலுள்ள சக்கரச் சட்டங்கள்) நேர் மேலே ஒட்டியாயிற்று. மேலே வைத்தால் வளைவில் சாயும். கூரையை ஒட்டவில்லை, கவ்வி நிற்கிறது. கழன்று விழும் பொம்மையை எடுக்க மறுபடி திறந்தாக வேண்டும்.